எர்த் போல்ட்

காலையிலிருந்து மூன்று தரம் நின்றுவிட்டது
சென்னியப்பனின் படகு.
மூன்று தரமும் நடு ஆற்றில்,
மூன்று தரமும் இடது எஞ்சின்.
வலதை மட்டும் நம்பி
நண்டுபோல ஒருச்சாய்த்து
நெருஞ்சிப்பேட்டைக் கரை சேர்த்தாராம்.
'பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்குமுங்க.'
ஆற்றின் மேல் எது நின்றாலும்
பழி முதலில் தண்ணீருக்குத்தான்.

அம்மாபேட்டையில் என் பிழைப்பு
கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுவது,
பைக்குக்கு ஒயரிங் பார்ப்பது.
இந்தப் படகு என் கணக்கில்
ஈரமான இரண்டு பைக்.

இரட்டை எஞ்சினில் ஒரு வசதி,
கெட்டதுக்குப் பக்கத்திலேயே
நல்லது உட்கார்ந்திருக்கும்.
சந்தேகமென்றால் இதைக் கழற்றி அதில் மாட்டிப் பார்க்கலாம்.
என் மச்சினன்மார் இருவரிடம்
அப்படிச் செய்ய முடிந்ததில்லை.

பிளக்கைக் கழற்றினேன். காபிப்பொடி நிறம்,
வேளைக்குச் சாப்பிடும் எஞ்சின்.
பிளாக்கில் ஒட்டிப் பிடித்து
சாவியைத் திருப்பச் சொன்னேன்.
சட்டென்று ஒரு நீலச் சொட்டு.
மறுபடியும் சட்.
காயில்களை இடம் மாற்றினேன்.
கில் சுவிட்ச், அதன் சிவப்புக் கயிறு,
சாவித் துளைக்குள் பித்தளை நாக்கு,
ஃபியூஸ்,
எல்லாம் நிரபராதி.
தொட்ட இடமெல்லாம் டெஸ்ட் லாம்ப் எரிந்தது.
கரையில் இரண்டும் ஜோடியாக உறுமின,
டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளைபோல.

'நடு ஆத்துக்கே போலாமுங்க' என்றேன்.

டிக்கெட் கிழிக்கும் பாவாயி
எடப்பாடிக்குப் போகிற நாலு பேரையும்
ஒரு மொபெட்டையும் இரண்டு சேலை மூட்டைகளையும் ஏற்றிவிட்டாள்.
சோதனை ஓட்டமென்றாலும் டீசல்... இல்லை, பெட்ரோல் பெட்ரோல்தானாம்.

கதவணை தேக்கிய தண்ணீர் அசங்காமல் கிடந்தது,
அதில் பாலமலை தலைகீழாக.
பரிசல் ஒன்று குறுக்கே வந்தது.
சென்னியப்பன் ஹாரனை அழுத்தினார்.
இடது எஞ்சின் செத்தது.

'இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க. இப்ப அடிங்க.'
செத்தது.
காலையிலும் இந்தப் பரிசல்தானா?
'மூணு தரமும் அவந்தானுங்க' என்றாள் பாவாயி,
'நடுவுல வலையப் போட்டுட்டு நவுர மாட்டான்.
ஹாரன் அடிச்சா நின்னு போகுதுன்னு எனக்குத் தெரியும்.
ஆருங் கேக்கலீங்க.'

இரண்டையும் நிறுத்தச் சொல்லி
பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் தலையை விட்டேன்.
மொபெட்காரருக்கு ஒரு மணிக்குப் பத்திர ஆபீஸ்.
அதை அவர் மூன்று முறை சொன்னார்.
பின்னால் ஒரே ஒரு போல்ட்,
இடது இக்னிஷனின் எர்த்தும் அதில்,
ஹாரனின் எர்த்தும் அதில்,
பச்சைப் பூஞ்சணம் பிடித்து.
இட்டேரிக்குள் கரும்பு லாரி நுழைந்துவிட்டால்
பின்னால் வரும் சைக்கிள்
இறங்கி நிற்கத்தானே வேண்டும்.

அந்த ஒயர் முனையில் மஞ்சள் டேப்.
இந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் சுற்றுவது கறுப்பு.
மஞ்சள் சுற்றுகிறவன் ஒருத்தன்தான்.

போன ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள்,
நாளைக்குக் கூட்டம் எச்சா வருமென்று
லாரி ஹாரன் ஒன்று மாட்டிக் கொடுத்தேன்.
தனி எர்த் இழுக்க ஒயர் பத்தவில்லை,
கடை சாத்திவிட்டார்கள்,
அப்பறம் பார்த்துக்கலாம்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.
செம்பு மெல்லச் சிவந்தது.
புது லக்கு, ஹாரனுக்கு வேறு வழி, மேலே ஒரு விரல் கிரீஸ்.
படகு தன்பாட்டுக்குத் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது.

சாவி. இரண்டும் பிடித்தன.
ஹாரன் நீளமாக அலறியும்
இடது அசரவில்லை.

'எர்த்து சரியில்லீங்க.'
அது பொய்யில்லை.
'ஆரு அப்படி மாட்டுனது?'
எஞ்சின் சத்தத்தில்
எனக்குக் காது கேட்கவில்லை.

பாவாயி போல்ட்டைப் பார்த்தாள்,
திறந்து கிடந்த என் பையைப் பார்த்தாள்.

கரையில், கூலி வேண்டாமுங்க என்றேன்.
சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.
பாவாயி கும்பிடவில்லை.
ஒரு டிக்கெட் கிழித்து நீட்டினாள்.
'அக்கட்ட போயி வந்ததுக்கு.
பத்து ரூவா.'